வீட்டிலேயே இருந்து விசுவாசி ஆவது: செட்டிநாட்டில் புதிதாக வந்தவர்களுக்கு

நம் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் "எந்த ஊரு, யாரு வீடு?" என்றுதான் கேட்போம். காரைக்குடியோ, தேவகோட்டையோ, பள்ளத்தூரோ, எங்கே போனாலும் இதுதான். நீங்கள் யார் என்பது உங்கள் வீட்டை வைத்துத்தான். அதனால் இயேசுவை நம்பி வந்த ஒருவருக்கு இங்கே வரும் கேள்விகளில் பாதி வீட்டைப் பற்றியவை. கோயில் படையலுக்கு என்ன செய்வது? அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அப்பா இறந்தால் கொள்ளி யார் வைப்பது?

நான் ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமெண்ட் கல், செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். 27 வயதில் விசுவாசத்துக்கு வந்தேன். வீட்டில் மூத்த பிள்ளை. வந்த முதல் வாரத்திலேயே அம்மாவிடம் போய், "நீங்கள் கும்பிடுவதெல்லாம் பொய்" என்று சொன்னேன். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. புதிதாக வருகிறவர்கள் யாரும் அந்தத் தப்பைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மாற்கு 5ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். கல்லறைகளில் திரிந்த ஒரு மனிதனை இயேசு குணமாக்குகிறார். அவன் படகில் ஏறி அவரோடேயே வந்துவிடுகிறேன் என்று கெஞ்சுகிறான். இயேசு விடவில்லை. உன் வீட்டுக்குப் போ, உன் இனத்தாரிடம் போய் ஆண்டவர் உனக்குச் செய்ததைச் சொல் என்று திருப்பி அனுப்புகிறார். ஊரை விட்டு ஓடிவிடலாமா என்று தோன்றும் நாட்களில் எனக்குத் துணையாக நின்றது இந்தப் பகுதிதான்.

முதல் மூன்று மாதம்

இந்த மூன்று மாதம் யாருக்கும் எதையும் போதிக்காதீர்கள். படியுங்கள். மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரம். தினம் ஒன்று என்று வைத்தால் பதினாறு நாளில் முடிந்துவிடும். அப்புறம் லூக்கா, 24 அதிகாரம். பிறகு அப்போஸ்தலர் நடபடிகள். ஆரம்பத்திலேயே வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குழம்பாதீர்கள். இடையிடையே தினம் ஒரு சங்கீதம். 23ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்யுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதும் ஆஸ்பத்திரி வராண்டாவில் காத்திருக்கும்போதும் அது உதவும்.

எந்த மொழிபெயர்ப்பு என்று கேட்பார்கள். பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் புதியவர்களுக்குக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு எளிதாக ஓடும். ஒன்றில் 'தேவன்', மற்றதில் 'கடவுள்'. ஒன்றில் 'சங்கீதம்', மற்றதில் 'திருப்பாடல்கள்'. 'ரோமர்' அங்கே 'உரோமையர்'. இவை வேறு வேறு நூல்கள் என்று நினைத்துத் திகைக்க வேண்டாம். கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள், புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66. நான்கு நற்செய்திகளும் இரண்டிலும் ஒன்றுதான்.

ஜெபிக்கத் தனி அறை வேண்டும் என்று தேடாதீர்கள். ஒரே கூடத்தில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் அது நடக்காது. நான் விடியற்காலையில் கொல்லைப்புறத்தில், துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து ஜெபிப்பேன். பத்து நிமிடம் போதும். அம்மாவிடம் பேசும் தமிழிலேயே பேசுங்கள். மேடையில் கேட்ட அடுக்குமொழி தேவையில்லை.

சபை தேடுவது

நம் பக்கத்துக்குக் கிறிஸ்தவம் நேற்று வந்ததல்ல. ஓரியூரில் அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி தலை வெட்டப்பட்டு இறந்தார். லிஸ்பனில் பிறந்தவர், தமிழ் கற்று, பண்டார சுவாமி போல உடுத்தி, புலால் தவிர்த்து, மறவ நாட்டில் நடந்தே திரிந்தவர். 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் தந்தார்கள். ஓரியூர்ச் செம்மண்ணை இன்றும் எல்லா மதத்தாரும் எடுத்துப் போகிறார்கள். தேவகோட்டையில் அவர் பெயரிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. "எங்கிருந்தோ வந்த சாமி" என்று உங்களைக் கேட்பவர்களிடம் சண்டை போட வேண்டாம். ஓரியூருக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

கத்தோலிக்கக் கோயில், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று பலவும் உண்டு. ஒரே வாரத்தில் முடிவெடுக்க வேண்டாம். மூன்று நான்கு ஞாயிறு ஒரே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பின் வரிசையில் உட்காருங்கள். மற்றவர்கள் எழுந்தால் எழுந்துகொள்ளுங்கள். நற்கருணையோ திருவிருந்தோ (இயேசுவின் கடைசி விருந்தை நினைத்துப் பகிரும் அப்பமும் ரசமும்) கொடுக்கும்போது நீங்கள் இடத்திலேயே இருக்கலாம். ஞானஸ்நானத்துக்கு முன் அதை வாங்குவது வழக்கமில்லை, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது இரண்டு. பணம் போட்டால்தான் ஜெபிப்போம், இவ்வளவு காணிக்கை வைத்தால் இந்த அற்புதம் நடக்கும் என்று ஓர் இடத்தில் சொன்னால் அங்கே மறுபடி போகாதீர்கள். காணிக்கை என்பது மனப்பூர்வமாக, சந்தோஷமாகக் கொடுப்பது. இயேசுவின் செய்தியை ஊர் ஊராகக் கொண்டு போன பவுல், கொரிந்து ஊர் விசுவாசிகளுக்கு எழுதியது அப்படித்தான். இரண்டாவது, மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா ஜெபக் கூட்டம் ஒன்றில் சொன்னதைக் கேட்டு பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டார். இரண்டாம் மாதம் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. ஜெபமும் செய்யுங்கள், மாத்திரையும் சாப்பிடுங்கள். நற்செய்தி எழுதிய லூக்காவே வைத்தியர்தான்.

திருநீறு, படையல், ஆயுத பூஜை

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பவுல் இதைப் பற்றி 1 கொரிந்தியர் 8, 10 ஆகிய அதிகாரங்களில் எழுதியிருக்கிறார். கொரிந்து நம் ஊர் மாதிரி, கோயில் நிறைந்த ஊர். கடையில் விற்பதை எதுவும் கேட்காமல் வாங்கிச் சாப்பிடு. ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டால் போய், வைத்ததைச் சாப்பிடு. ஆனால் ஒருவர் 'இது படைத்தது' என்று சொல்லிக் கொடுத்தால், சொன்னவருக்காகச் சாப்பிடாதே. அவர் சொல்வதன் சுருக்கம் இதுதான்.

இதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வரும் அதிரசமும் தேன்குழலும் பலகாரம். வாங்கிச் சாப்பிடுவேன், நன்றாக இருக்கிறது என்றும் சொல்வேன். பிரசாதம் என்று சொல்லிக் கையில் வைப்பதை மரியாதையாக மறுப்பேன். மறுக்கும் விதம்தான் முக்கியம். நாங்கள் கல் பதிக்கப் போகும் வீட்டில் ஒரு ஆச்சி, வேலை தொடங்கும் நாளில் எல்லாருக்கும் திருநீறு தருவார். என் முறை வந்ததும் கை கூப்பி, "ஆச்சி, நான் இயேசுவைக் கும்பிடுறவன், திருநீறு பூசுறதில்ல. கோவிச்சுக்காதீங்க. காப்பி குடுங்க, குடிச்சிட்டு வேலையை ஆரம்பிக்கிறேன்" என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து, "இந்தத் தம்பிக்குக் காப்பி கொண்டு வா" என்றார். நீங்கள் அவர் வீட்டில் கை நனைத்தால், திருநீற்றைத்தான் மறுத்தீர்கள், அவரை மறுக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிடும். வாங்கிக்கொண்டு வெளியே வந்து தூணில் தட்டிவிடுவதுதான் மோசமானது. அது பொய், அவமரியாதையும்கூட.

ஆயுத பூஜை எனக்குப் பெரிய சோதனையாக இருந்தது. எங்கள் வேலை கண்ணாடி மேல் நடக்கும். கண்ணாடித் தகட்டில் அச்சை வைத்து, கலர் சிமெண்டைச் சின்னக் கரண்டியால் ஒவ்வொரு பூவுக்குள்ளும் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, அதற்கு மேல் கலவையை வைத்து மட்டம் பிடிப்போம். பிறகு காய்ந்து, தொட்டித் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறும். அந்தக் கரண்டி, அச்சு, கண்ணாடி எல்லாவற்றையும் பூஜைக்கு முந்தின நாள் கழுவித் துடைத்து அடுக்க வேண்டும். அந்த வேலையை இப்போது முன்னால் நின்று நான்தான் செய்கிறேன். முதலாளி தேங்காய், பொரி, வாழைக்கன்று வாங்கி வரச் சொன்னால் வாங்கி வருவேன். சூடம் காட்டும்போது வாசல் பக்கம் போய் நிற்பேன். பூஜை முடிந்து எல்லாரும் உட்காரும்போது நானும் உட்காருவேன். முதல் வருடம் லீவு போட்டுவிட்டேன். அது தப்பு என்று பின்னால் தெரிந்தது. என் பங்கு வேலையைத் தம்பிமார்கள் தலையில் கட்டிவிட்டு நான் விசுவாசம் காத்ததாக நினைத்துக்கொண்டேன்.

இதில் மனம் குத்தினால் 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நாகமான் என்ற படைத்தலைவன் குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் தேவனை நம்புகிறான். ஆனால் அவன் ராஜா ரிம்மோன் கோயிலில் பணியும்போது இவன் கையில்தான் சாய்ந்துகொள்வார். இவனும் குனிய வேண்டிவரும். அதை மன்னிக்க வேண்டும் என்று எலிசா தீர்க்கதரிசியிடம் கேட்கிறான். எலிசா ஒரு பெரிய பிரசங்கம் வைக்கவில்லை. "சமாதானத்தோடே போ" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

உங்கள் பண்டிகைக்கு நீங்களும் கொடுங்கள். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் செய்தால், பிள்ளைகள் கை வைப்பதற்கு முன்னால் பக்கத்து வீடுகளுக்கு எடுத்து வையுங்கள். சைவ வீடுகளுக்குப் பிரியாணி அனுப்ப வேண்டாம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழநிக்கு நடப்பவர்கள் கால் கொப்பளித்துப் போகும்போது, தண்ணீர் கேட்டால் தண்ணீர் கொடுங்கள். அதோடு துண்டுப் பிரதியைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

பொட்டும் தாலியும்

சில சபைகளில் பெண்கள் வந்த மறு வாரமே பொட்டை அழி, பூவை எடு, தாலியைக் கழற்று என்பார்கள். நம் ஊரில் ஒரு பெண்ணின் பொட்டையும் தாலியையும் எப்போது எடுப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கணவன் உயிரோடு இருக்கும்போது மருமகள் அப்படி வந்து நின்றால், மாமியாருக்கு அது தன் மகனுக்குச் சாவு கேட்பது மாதிரிதான் தெரியும். எந்த நற்செய்தியும் அதற்குப் பிறகு அவர் காதில் ஏறாது. என் மனைவி விசுவாசத்துக்கு வந்தபோது இந்தப் பேச்சு வந்தது. அவள் தாலியை எடுக்கவில்லை. இன்றும் போட்டிருக்கிறாள். பேதுரு சொல்வது வெளி அலங்காரத்தைவிட உள்ளத்தின் சாந்தம் பெரிது என்பதைத்தான். கணவர் விசுவாசத்தில் இல்லாவிட்டாலும், அவர் சேர்ந்து வாழச் சம்மதித்தால் பிரிய வேண்டாம் என்று 1 கொரிந்தியர் 7 சொல்கிறது. புதிதாக வந்த பெண்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

சாவு வீடு

சொந்தத்தில் யார் இறந்தாலும் முதல் ஆளாகப் போங்கள். பந்தல் கட்டுவது, ஐஸ் பெட்டிக்குச் சொல்வது, தந்தி மாதிரி எல்லாருக்கும் போன் போடுவது என்று எத்தனையோ வேலை இருக்கிறது. "நான் விசுவாசி" என்று ஒதுங்கி நின்றால் ஊர் அதை மன்னிக்காது, மன்னிக்கவும் வேண்டாம்.

மூத்த பிள்ளையாக இருப்பவர்கள், அப்பா அம்மா நன்றாக இருக்கும்போதே கொள்ளி விஷயத்தைப் பேசிவிடுங்கள். சாவு வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் கலவரமாகிவிடும். நான் அப்பாவிடம் திண்ணையில் உட்கார்ந்து பேசினேன். கை நடுங்கியது. அவர் ரொம்ப நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி வைக்கட்டும். ஆனா நீ தோள் குடுக்கணும்" என்றார். நான்கு வருடம் கழித்து அதன்படியே நடந்தது. தம்பி கொள்ளி வைத்தான். நான் பாடையின் முன் பக்கம் பிடித்தேன். கருமாதிச் செலவில் பாதிக்கு மேல் நான் கொடுத்தேன். பங்காளிகளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அப்பா முன்னாலேயே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

ஞானஸ்நானமும் சான்றிதழும்

அவசரம் வேண்டாம். யாராவது "அடுத்த ஞாயிறே" என்று தள்ளினால் நேரம் கேளுங்கள். சட்டப்படி என்ன மாறும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு போங்கள்.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதிக்கான சலுகை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டும்தான். அந்தச் சமூகத்தவர் கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். பிள்ளைகளின் படிப்பு, வேலை இரண்டையும் இது தொடும். இது அநியாயம் என்பது என் எண்ணம். ஆனாலும் இதை மறைத்து ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அதைவிட அநியாயம். சொத்து விஷயத்தில், மதம் மாறியதற்காக அப்பா சொத்தில் உங்கள் பங்கு போய்விடாது. ஆனால் மாறிய பிறகு உங்களுக்குப் பிறந்து கிறிஸ்தவர்களாகவே வளரும் பிள்ளைகள், இந்துவான தாத்தா பாட்டிக்கு நேரடி வாரிசாக முடியாது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 26ஆம் பிரிவு அது. தாத்தா உயில் எழுதினால் வேறு கதை. ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தவரிடம் சொல்வது

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தன் மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. அடுத்தவரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொல்லியிருக்கிறது. வேதமும் இதற்கு மாறாக எதுவும் கேட்கவில்லை. நாம் சொல்லலாம். மனதைத் திறப்பது நம் வேலை இல்லை.

1 பேதுரு 3:15 சொல்வது, உங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லத் தயாராக இருங்கள் என்று. அதில் 'கேட்பவருக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். கேட்டால் சொல்ல மூன்று நிமிடக் கதை ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். 'இரட்சிக்கப்பட்டேன்', 'அபிஷேகம்', 'சாட்சி' போன்ற சபைத் தமிழ் அதில் வர வேண்டாம். உங்கள் அப்பத்தாவுக்குப் புரிகிறதா என்று பாருங்கள். என் கதை இவ்வளவுதான்: "தினமும் குடிச்சேன். சம்பளம் வீட்டுக்கு வராது. பட்டறையில ஒரு அண்ணன் எனக்காக ஜெபிச்சாரு. அவரு குடுத்த நற்செய்திப் புத்தகத்தைப் படிச்சேன். இயேசுகிட்ட என்னைய விடுவிங்கன்னு கேட்டேன். விடுவிச்சுட்டாரு. இப்ப சம்பளம் அம்மா கைக்குப் போகுது." இதற்கு யாரும் எதிர்வாதம் செய்ததில்லை.

அடுத்தவர் சாமியை ஒரு வார்த்தைகூடக் குறைத்துப் பேசாதீர்கள். எபேசுவில் பெரிய கலவரம் நடந்தபோது, அந்த ஊர் அதிகாரியே கூட்டத்தைப் பார்த்து, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷித்தவர்கள் அல்ல என்று சொல்கிறார். அப்போஸ்தலர் 19:37. ஊரே கொந்தளிக்கும் நேரத்தில் பவுலின் ஆட்களுக்கு அந்தப் பெயர் இருந்தது. நமக்கும் இருக்க வேண்டும்.

மற்றவர் பிள்ளைகளிடம், பெற்றவர்களுக்குத் தெரியாமல் பேச வேண்டாம். பிள்ளையார்பட்டி வாசலில் போய் நின்று பிரதி கொடுக்க வேண்டாம். பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் காலை வசனம் போட வேண்டாம். பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள், போதும். கஷ்டத்தில் இருப்பவருக்கு அரிசி வாங்கிக் கொடுத்தால் அரிசியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால், "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால் அங்கேயே, சத்தமில்லாமல், ஒரு நிமிடம். வேண்டாம் என்றால் வீட்டுக்கு வந்து ஜெபியுங்கள். மறுநாள் போய் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள்.

வருடக் கணக்கில் யாருமே கேட்கவில்லையே என்று சிலர் வருத்தப்படுவார்கள். என் அம்மா கேட்க ஆறு வருடம் ஆனது. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, "ஞாயித்துக்கெழம அங்க போயி என்னதாண்டா பண்ணுவீங்க?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "வந்து பாருங்கம்மா" என்றேன். யோவான் முதல் அதிகாரத்தில் பிலிப்பு நாத்தான்வேலிடம் சொன்னதும் அதுதான்.

அந்த ஞாயிறு வந்தார். கடைசி பெஞ்சில் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். திரும்பி வரும்போது, "பாட்டு நல்லா இருந்துச்சு" என்றார். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறார். செவ்வாய்க்கிழமைகளில் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போகிறார். முழங்கால் வலி, நடக்க முடியவில்லை. பைக்கில் கூட்டிக்கொண்டு போவது நான்தான். உள்ளே போய் வரும்வரை அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பேன்.